எவிடென்ஸ் டாக்டரும் ஆறாவது விதியும்

மனித குலம் இருட்டிலிருந்து மூன்று முறை வெளியே வந்திருக்கிறது. முதல் முறை நெருப்பை மூட்டியபோது. இரண்டாம் முறை எழுத்தைக் கீறியபோது. மூன்றாம் முறை, மருத்துவம் ஊகத்தை உதறிவிட்டு ஆதாரத்தின் கையைப் பிடித்தபோது. இந்த மூன்றாவது வெளிச்சம் அந்தத் தெருவுக்குத் தினமும் காலை ஒன்பது மணிக்கு வரும். பஞ்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவிலிருந்த கிளினிக்கில் டியூப் லைட் நாலு தடவை கண்ணடித்தால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த டாக்டரை அக்கம்பக்கத்தில் எல்லாரும் ‘எவிடென்ஸ் டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். அது கேலி என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. பட்டம் என்றே நினைத்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் “அதுக்கு என்ன எவிடென்ஸ்?” என்று கேட்பது அவர் சுபாவம். மழை வரும்போல இருக்கிறது என்று போகிறபோக்கில் சொன்ன தபால்காரரையே நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்.

இதில் சங்கடம், அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்து தொலைத்ததுதான். சளி மஞ்சளாகிவிட்டது, ஆன்டிபயாடிக் எழுதுங்கள் என்று அடம்பிடித்த பள்ளிக்கூட டீச்சரிடம், நிறத்தைப் பார்த்து மருந்து எழுத நான் பெயின்ட் கடை வைத்திருக்கவில்லை, இது வைரஸ், பத்து நாளில் தானாக அடங்கும் என்றார். அடங்கியது. கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்த கொத்தனாரை நாலு எட்டு நடக்கவைத்து, எலும்பில் சில இடங்களில் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே தேவையில்லை என்றார். தேவைப்படவில்லை. சும்மா அசதிதான் டாக்டர், ஒரு சத்து ஊசி போடுங்கள் என்று வந்த தையல்காரம்மாவுக்கு ஊசி போடாமல், ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தைராய்டைப் பிடித்தார்.

ஆனால் சரியாகச் சொன்னதோடு நிறுத்தமாட்டார். ஏன் சரி என்றும் சொல்வார். எத்தனை ஆயிரம் பேரை வைத்து, எத்தனை வருஷம் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்வார். அதற்குள் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களில் இரண்டு பேராவது குணமாகி எழுந்து போய்விடுவார்கள். “பார்த்தீங்களா சிஸ்டர்? பாதி நோய் மருந்தில்லாமலே சரியாயிடும்” என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

“ஆமா டாக்டர். மீதிப் பேரு பக்கத்துத் தெரு டாக்டர்கிட்ட சரியாகிக்கிறாங்க” என்பார் சிஸ்டர்.

சிஸ்டர் என்பது அங்கே பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் நர்ஸ். குறைவாகப் பேசுவார். டாக்டருக்கு அது ஒரு குறையாகவே படும்.

டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. ‘ரத்த அழுத்தம் அளக்க எட்டு விதிகள்’. அவரே தொகுத்து, அவரே கையால் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும். கால்மேல் கால் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். ஆறாவது விதி: அளப்பதற்கு முன் ஐந்து நிமிடமும், அளக்கும்போதும் யாரும் பேசக்கூடாது. இந்த ஆறாவது விதி எவ்வளவு முக்கியம் என்பதை டாக்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் அளந்துகொண்டே விளக்குவார்.

இவரிடம்தான் அந்த பஸ் டிரைவர் வந்து மாட்டினார்.

டிரைவர் இருபத்திரண்டு வருஷம் தொலைதூர வண்டி ஓட்டியவர். வருஷா வருஷம் டிப்போவுக்கு உடல்தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் 140/90-க்குள் இருந்தால் ஸ்டியரிங். தாண்டினால் டயர் ஷெட். டயர் ஷெட் என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து டயர்களுக்கு நம்பர் போட்டு அடுக்கும் வேலை. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஷெட்டுக்கு சூப்பர்வைசர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலேயே “டிரைவருக்கா பொண்ணு கொடுக்கப்போறோம்” என்று கேட்ட ஆள். அவருக்குக் கீழே போய் ஸ்டூலில் உட்காருவதற்கு டிரைவர் தயாராக இல்லை.

நாலு மாதமாக அழுத்தம் இறங்கவில்லை. டாக்டர் ஒரு மாத்திரை தொடங்கினார். அடுத்த மாதம் 158/96. இன்னொன்று சேர்த்தார். அதற்கடுத்த மாதம் 162/98. சான்று வராததால் டிப்போவில் அவரை வண்டியிலிருந்து இறக்கி, காத்திருப்பில் வைத்துவிட்டார்கள். மாதக் கடைசி வரைக்கும்தான் தவணை.

“மூணாவது மாத்திரை சேர்க்கணும்னு நினைக்கிறேன்” என்றார் டாக்டர். அப்போது டிரைவரின் கையில் பட்டை இறுகிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டால் மெஷின் தானாகவே ஏறி இறங்கி எண்ணைக் காட்டும். அதற்கு முக்கால் நிமிடம் ஆகும். அந்த முக்கால் நிமிடம்தான் டாக்டருக்குக் கிடைத்த மேடை. “ஏன்னு கேளுங்க.”

“ஏன் டாக்டர்?”

டாக்டர் ஒரு அட்டையை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அதில் நூறு முகங்கள். பெரும்பாலானவை பச்சையாகச் சிரித்தன. பதினெட்டு முகம் சிவப்பு, வாய் கோணியிருந்தது. “உங்களை மாதிரி நூறு பேர். பத்து வருஷத்துல இந்தச் சிவப்புக்காரங்களுக்கு எல்லாம் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருக்கும். மருந்து எடுத்தா இதுல அஞ்சு முகம் பச்சையாகும். இப்ப சொல்லுங்க, இதுல நீங்க யாரு?”

டிரைவர் அட்டையில் தன்னைத் தேடினார்.

“கீழ் வரிசையில மூணாவது சிவப்பு, என் மச்சான் மாதிரியே இருக்கு டாக்டர்.”

மெஷின் பீப் என்றது. 166/100.

“பார்த்தீங்களா” என்றார் டாக்டர், திருப்தியாக.

டிரைவர் எழுந்தவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். டாக்டர் சீட்டு எழுதுவதில் இருந்தார். சிஸ்டர் பார்த்தார்.

“என்னண்ணே, தலை சுத்துதா?”

“எந்திரிக்கும்போது மட்டும் லேசா. ரெண்டாவது மாத்திரை ஆரம்பிச்சதிலேர்ந்து.”

டாக்டரின் பேனா நின்றது. “இதை ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொல்லத்தான் வந்தேன் டாக்டர். நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க.”

இந்த இடத்தில் டாக்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கர்வம் இருந்தது, வாய் இருந்தது. ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு உண்மையை மேஜைக்கடியில் தள்ளிவிடும் வழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது, ஆனால் எழுந்தால் தலை சுற்றுகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் பொருந்தவில்லை. மூன்றாவது மாத்திரை எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். “கிளினிக்ல அளக்கிறது மட்டும் போதாது. இருபத்துநாலு மணி நேரம் அளக்கிற மெஷின் இருக்கு. கையில மாட்டிக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க. அது அப்பப்போ தானா அளந்துக்கும். எந்த நேரத்துல என்ன செஞ்சீங்கன்னு மட்டும் இந்தத் தாள்ல எழுதிட்டு வாங்க” என்றார். மறுநாள் அதை மாட்டும்போது, அது எப்படி வேலை செய்கிறது, ஏன் அதை நம்பலாம் என்று இருபது நிமிடம் விளக்கினார்.

அதற்கு மறுநாள் மெஷினும் தாளும் வந்தன. டாக்டர் கம்ப்யூட்டரில் எண்களைத் திறந்தார். சிஸ்டர் தாளை வாசித்தார். டிரைவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது பரீட்சை ரிசல்ட் மாதிரி இருந்தது.

“பதினொண்ணு நாப்பது. டிப்போ. டைம்கீப்பரோட வாக்குவாதம்.”

“124/80.”

“ரெண்டு இருபது. மச்சான் டயர் ஷெட்டைச் சுத்திக் காட்டினார். ‘இதுதான் உங்க ஸ்டூல்’னார்.”

“126/82. ம்.”

“நாலு மணி. சும்மா உட்கார்ந்திருந்தேன்.”

“104/66. அதான் தலை சுத்தியிருக்கு.”

“ஏழு பத்து. மச்சான் வீட்டுக்கு வந்து, ஸ்டூலுக்குக் குஷன் வாங்கித் தர்றதா சொன்னார்.”

“128/82.” டாக்டர் டிரைவரை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கீங்களே.”

“ராத்திரி தூக்கம்.”

“98/60. சரி, அப்ப எங்கதான் ஏறுது? மேல ரெண்டு குத்து தெரியுதே. ஒண்ணு முதல் நாள் பத்து இருபது, 164/98. இன்னொண்ணு இன்னிக்கு ஒன்பது அம்பது, 160/96.”

சிஸ்டர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தேவையில்லாமல்தான். “பத்து இருபது. டாக்டர் மெஷினைப் பத்தி விளக்கினார். ஒன்பது அம்பது. டாக்டர் மெஷினைக் கழட்ட வந்தார். விளக்கினார்.”



“இது தெரிஞ்ச விஷயம்தான்” என்றார் டாக்டர் தெம்பாக. “வெள்ளைக் கோட்டு விளைவுன்னு பேரு. டாக்டரோட வெள்ளைக் கோட்டைப் பார்த்தா சில பேருக்கு ஏறும்.”

“நீங்க கோட்டு போடறதில்லையே.”

“மாதிரி சின்னது சிஸ்டர். ரெண்டு அளவை வெச்சு முடிவு கட்ட முடியாது.”

“அப்ப இன்னும் ஒரு பத்து தடவை விளக்குங்க. எண்ணிக்கை ஏறட்டும்” என்றார் சிஸ்டர்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அது அவருக்கு நியாயமான யோசனையாகவே பட்டது. இரண்டாவது மாத்திரையை அன்றே நிறுத்தினார். ஒரு வாரம் விட்டு டிரைவரை வரச்சொல்லி ஒரு பரிசோதனை வைத்தார். முதலில் கட்டுப் போடும் அறையில் சிஸ்டர் மட்டும், கதவைச் சாத்தி. 126/80. பத்து நிமிடம் கழித்து டாக்டரின் அறையில் டாக்டர். 156/94.

“நான் இந்தத் தடவை வாயே திறக்கலையே” என்றார் டாக்டர்.

டிரைவர் சங்கடமாகச் சிரித்தார். சிஸ்டர் விரல் விட்டு எண்ணினார். “ஏன் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க. பேசினா எத்தனை பாயின்ட் ஏறும்னு சொன்னீங்க. அதை எந்த வருஷம் கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னீங்க.”

“அதெல்லாம் பேச்சில்லை. விளக்கம்.”

ஆனால் அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தார். நாலு மாதமாகத் தன் வாயால் ஏற்றி, தன் மாத்திரையால் இறக்கியிருக்கிறோம் என்பது எண்ணாகக் கண்முன் இருந்தது. எண்ணை அவர் எப்போதும் மதிப்பவர்.

பிரச்சினை அதோடு முடிந்திருந்தால் நல்லது. டிப்போவின் சான்றுப் படிவம் வந்தது. இருபத்துநாலு மணி நேர அறிக்கையை இணைக்கலாம், ஆனால் அது கூடுதல் சேதிதானாம். கட்டம் எட்டில் ‘கையொப்பமிடும் மருத்துவர் தன் கையால் அளந்த இரண்டு அளவுகள்’ வேண்டும். நர்ஸ் அளந்தது செல்லாது. கட்டம் எட்டு சரியில்லையென்றால் ஷெட். டாக்டர் டிப்போவுக்குப் போன் செய்து, சிஸ்டர் அளந்ததுதான் நம்பகமானது என்பதற்கு இருபது நிமிடம் ஆதாரம் அடுக்கினார். மறுமுனையில் இருந்த கிளார்க் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கட்டம் எட்டு டாக்டர்” என்றார்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் டிரைவர் சலவை செய்த சட்டையில் வந்தார். சாய்ந்து உட்கார்ந்தார். பாதத்தைத் தரையில் பதித்தார். எட்டு விதியும் அவருக்கு மனப்பாடம். டாக்டர் பட்டையைச் சுற்றினார். ஐந்து நிமிட மௌனம் தொடங்கியது.

ஒரு நிமிடம் நாற்பது விநாடி வரை டாக்டர் தாக்குப்பிடித்தார்.

“இப்ப நான் பேசாம இருக்கேன் இல்லையா, இது ஏன்னா…”

“டாக்டர்” என்றார் சிஸ்டர்.

மறுபடி தொடங்கினார்கள். இரண்டாவது தடவை இரண்டு நிமிடம் கடந்தது. டிரைவரின் முகம் இறுகியிருப்பதைப் பார்த்து, பாவம் பயப்படுகிறார் என்று டாக்டருக்கு இரக்கம் வந்தது. “பயப்படாதீங்க. நூத்து நாப்பதுக்குக் கீழ வந்தா போதும். வரலைன்னாலும்…” 150/92. மூன்றாவது தடவை டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார், நெற்றி வியர்த்தது, அவர் எப்போது வெடிப்பார் என்று டிரைவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததில் 148/92.

டிரைவர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார். “விடுங்க டாக்டர். நீங்களும் எவ்வளவோ பாடுபடறீங்க. டயரும் வட்டம்தான், ஸ்டியரிங்கும் வட்டம்தான். குஷன் வேற வாங்கித் தர்றாராம்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் டாக்டருக்கு நெஞ்சில் எங்கேயோ குத்தியது. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேருடைய தொண்டையைப் பார்த்துப் பயமில்லை என்று சொன்ன மனிதர். தன் தொண்டையை அடைக்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

சிஸ்டர் வெளியே போனார். இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய கண்ணாடி வெப்பமானி.

“வாயைத் திறங்க டாக்டர்.”

“இது பாதரசம். இதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லி நான் மூணு வருஷம் முன்னாடியே…”

“ஆமா. கடிச்சா உடையும், உடைஞ்சா பாதரசம் வாய்க்குள்ள போகும். அதோட தீமையெல்லாம் நீங்களே எனக்கு அரை மணி நேரம் விளக்கியிருக்கீங்க. நாக்குக்கு அடியில வைங்க. உதட்டை மூடுங்க.”

டாக்டர் ஏதோ சொல்ல நினைத்தார். அதற்குள் வெப்பமானி உள்ளே போய்விட்டது.

கடிகாரம் ஓடியது. ஒரு நிமிடம். டாக்டரின் புருவம் மட்டும் இரண்டு தடவை விளக்கம் சொல்ல முயன்று அடங்கியது. இரண்டு நிமிடம். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் டாக்டர் எதிரில் இருந்தவரைப் பார்த்தார். நாலு மாதமாக வருகிற ஆள். பஸ் ஜன்னல் பக்கத்துக் கை முழங்கைக்குக் கீழே நன்றாகக் கறுத்து, மற்ற கை வெளுத்திருந்தது. வலது பாதம் மட்டும் தரையில் லேசாக ஏறி இறங்கியது; எங்கோ ஒரு சாலையில் பிரேக் போட்டுப் போட்டு எடுக்கிறது என்று புரிந்தது. மூன்றாம் நிமிடத்தில் அதுவும் நின்றது. மூச்சு நீண்டது. சாய்ந்திருந்த தலை ஒரு பக்கம் சரிந்தது. டிரைவருக்கு நாலு மாதத்தில் முதல் தடவையாக டாக்டரின் அறையில் கண் சொக்கியது.

ஐந்தாம் நிமிடம் டாக்டர் தன் கையால் பொத்தானை அழுத்தினார். பட்டை இறுகித் தளர்ந்தது. 126/80. ஒரு நிமிடம் விட்டு மறுபடி. 124/78.

சிஸ்டர் வெப்பமானியை உருவினார்.

“இப்ப என்ன நடந்ததுன்னா…” என்று டாக்டர் அந்த நொடியிலேயே தொடங்கினார். ஆனால் டிரைவர் எண்ணைப் பார்த்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து, மடிப்பை நீவி, மேஜையில் வைத்தார்.

டாக்டர் கட்டம் எட்டில் இரண்டு எண்களையும் எழுதினார். அறிக்கையை இணைத்தார். மாத்திரை ஒன்றுதான், அடுத்த பரிசோதனை மூன்று மாதத்தில் என்று குறித்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு கடைசிக் கட்டத்துக்கு வந்தார். ‘அளவு எடுத்த சூழ்நிலை, ஏதேனும் இருப்பின்.’

“அதைக் காலியா விட்டுடுங்க டாக்டர். எல்லாரும் காலியாத்தான் விடுவாங்க” என்றார் சிஸ்டர்.

“சூழ்நிலை எழுதாத அளவுக்கு என்ன மதிப்பு சிஸ்டர்? நாளைக்கு இன்னொருத்தர் இதே மாதிரி அளந்து பார்க்கணும்னா அவருக்குத் தெரியவேண்டாமா?” என்றார் டாக்டர். நம்பிக்கை முழுசாகத் திரும்பி வந்திருந்தது. நிறுத்தி, யோசித்து, அழகான கையெழுத்தில் எழுதினார்.

டிப்போவில் கிளார்க் படிவத்தை வாங்கி, கட்டம் எட்டைப் பார்த்தார், முத்திரை குத்தினார். பிறகு கடைசிக் கட்டத்தைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். டைம்கீப்பரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் டயர் ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். முத்திரை விழுந்துவிட்டதால் யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தேமுக்கால் வண்டியை டிரைவர்தான் எடுத்தார்.

கடைசிக் கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: “இரண்டு அளவுகளின்போதும் மருத்துவரின் வாயில் வெப்பமானி இருந்தது. மருத்துவருக்குக் காய்ச்சல் இல்லை.”